ஓரகத்திகளும் ஒரு பச்சைப் பொடியும்

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது. அப்படியே பார்த்தாலும் இருவரும் ஒரே பொடியைச் செய்யக் கூடாது. இது பெரியவளுக்குப் புரிய மூன்று வருஷம் பிடித்தது. புரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

பெரியவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். சின்னவள் அவளுடைய கொழுந்தனின் மனைவி. இருவருக்கும் வேலை பேட்டரிக்கான பொருள்களைச் செய்து பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில். பெரியவள் அங்கே பதினோரு வருஷமாக இருக்கிறாள். சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவளேதான். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு வீட்ல சும்மா இருக்கா சார், நல்ல பொண்ணு" என்று இயக்குநரிடம் தானே போய்ச் சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் செய்தது நிக்கல் ஹைட்ராக்சைடு. சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்தும் ஒருவகை பேட்டரியில் நேர்மின் தகட்டுக்கு அதுதான் உயிர். பார்க்கப் பச்சைப் பொடி. உள்ளே போய்ப் பார்த்தால் தாள் மேல் தாளாக அடுக்கிய படிகம். சார்ஜ் ஏற்றும்போது ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் புரோட்டான் வெளியே போகும், பொடி கறுத்துவிடும். மின்சாரத்தை எடுக்கும்போது போனது திரும்பி வரும், பொடியும் பச்சைக்குத் திரும்பும். ஒரு கிராம் பொடி எவ்வளவு மின்சாரத்தைக் கொடுத்து வாங்குகிறது என்பதுதான் அதன் யோக்கியதை.

பெரியவள் பொடி செய்யும் அழகை நின்று பார்க்க வேண்டும். நிக்கல் கரைசலைக் காரக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சுக்கூட அளந்துதான் விடுவாள். பிறகு பச்சைக் கூழை எஃகுக் குடுவையில் இறுக மூடி, ஓவனில் நாள் கணக்கில் வேகவைப்பாள். கழுவிய தண்ணீர் குடிதண்ணீர் மாதிரி ஆகும்வரை கழுவுவாள். அவள் பொடியை எக்ஸ்ரேயில் வைத்தால் தாளில் வரும் முகடுகள் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி நிற்கும். முகடு கூர்மையாக இருந்தால் உள்ளே அடுக்குகள் பிசிறில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படி ஒரு தாளை இயக்குநர் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். வருகிற விருந்தாளிகளிடம், "இதுக்கு மேல சுத்தமான படிகம் கிடையாது" என்பார். அந்த நேரங்களில் பெரியவள் ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவாள்.

சின்னவள் நேர்மாறு. அவள் மேஜையைப் பார்த்தால் இப்போதுதான் யாரோ திருடிவிட்டுப் போன மாதிரி இருக்கும். கரைசலைச் சொட்டு விடும் பொறுமை அவளுக்கு இல்லை. மளமளவென்று ஊற்றிவிட்டு, "ஐயோ, கொஞ்சம் வேகமா போயிடுச்சு" என்று தானே சொல்லிக்கொள்வாள். அவளுடைய எக்ஸ்ரே தாளில் சில முகடுகள் சரியாக இருக்கும். சில முகடுகள் மழையில் கரைந்த மண்மேடு மாதிரி அகலமாகப் படுத்துக் கிடக்கும்.

"இது பீக்கா, இல்ல படுத்துத் தூங்குதா?" என்று பெரியவள் கேட்பாள்.

சின்னவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் பெரியவளால் பொறுக்க முடியாது. திட்டு வாங்கியவள் முகம் சுண்ட வேண்டாமா?

வீட்டிலும் இதே கதைதான். பெரியவள் மடித்த துணி அலமாரியில் செங்கல் வரிசையாக இருக்கும். அவள் காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏழு பேருக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். சின்னவள் ஏழு மணிக்குத் தலையை வாரியும் வாராமலும் வந்து, "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்பாள். எல்லாம் முடிந்திருக்கும். மாலையில் இருவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தாலும் மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "சின்னவ வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். பெரியவள் அவர் கண்ணெதிரில்தான் நிற்பாள். பதினாலு வருஷமாக அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கை இவளுடையது. பேச்சுத்துணைக்கு மட்டும் அவர் சின்னவளைத் தேடுவார்.

இதையெல்லாம் பெரியவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் யார் யாரைக் கொஞ்சினாலும் ஆய்வுக்கூடத்தில் ஊசி முகடுகள் அவளுடையவைதானே. எதிரே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே பெரிய கலன்களில் மூட்டை மூட்டையாகப் பொடி செய்யப் போகிறார்கள். அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர். யாருடைய செய்முறை தேறுகிறதோ அவர்தான். பெரியவள் தினமும் மதியம் ஜன்னல் வழியாக அந்தக் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் கதவு வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மேஜையை எங்கே போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் சின்னவள் தன் பொடியை எடுத்துக்கொண்டு போய் மின் அளவுக்கு வைத்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே வைத்தாள்.

பெரியவளின் பொடி ஒரு கிராமுக்கு இருநூற்றுப் பத்து மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் கொடுக்கும். சின்னவளுடையது இருநூற்று அறுபத்தைந்து கொடுத்தது. வேகமாக மின்சாரத்தை உறிஞ்சியபோது பெரியவளின் பொடி பாதியில் மூச்சு வாங்கியது. சின்னவளுடையது அலட்டிக்கொள்ளவே இல்லை.

இயக்குநர் தன் அறையில் இரண்டு எக்ஸ்ரே தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த ரெண்டு பீக்கும் கூர்மையாத்தான் இருக்கு" என்றார் சின்னவளின் தாளைத் தொட்டு. "அப்ப ஒவ்வொரு அடுக்கும் தனியா பார்த்தா ஒழுங்குதான். இந்த ரெண்டும்தான் அகலமா இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்ததுலதான் கோணல். இதத்தான் அடுக்குப் பிழைங்கிறது. படிச்சிருக்கேன். நம்ம கையால இவ்வளவு நல்லா வந்து பார்த்ததில்ல."

"பிழைன்னா பிழைதானே சார்" என்றாள் பெரியவள்.

"எவர்சில்வர் டம்ளரை ஒண்ணுக்குள்ள ஒண்ணு நேரா அடுக்கினா என்ன ஆகும்? இறுகிப் போயி பிடுங்க முடியாது. கொஞ்சம் கோணலா வச்சா சுலபமா வரும். அது மாதிரின்னு வச்சுக்குங்க. அடுக்கு ரொம்ப ஒழுங்கா உக்காந்துட்டா புரோட்டான் உள்ள வர வெளிய போகக் கஷ்டப்படுது. கோணல் இருந்தா அதுக்கு வழி கிடைக்குது." அவர் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தார். "எப்படிம்மா செஞ்சே?"

"வேகமா ஊத்திட்டேன் சார். அப்புறம் நூத்தி இருபது டிகிரியில நாலே மணி நேரம். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். பதினோரு வருஷம் சொட்டுச் சொட்டாக விட்டவள் அவள். ஒரு சொட்டு முந்தி விழுந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தவள். இவள் வாளியைக் கவிழ்க்கிற மாதிரி கவிழ்த்துவிட்டு, "அவ்வளவுதான்" என்கிறாள். பொறாமை என்று தன் ஆத்திரத்துக்குப் பேர் வைக்கப் பெரியவள் அப்போது தயாராக இல்லை. நியாயம் கெட்டுப்போகிறதே என்ற கவலை என்று சொல்லிக்கொண்டாள்.

இயக்குநர் முடிவு சொன்னார். ஒரு தடவை வந்ததை நம்பிக் கட்டடத்தை ஒப்படைக்க முடியாது. சின்னவள் அதே செய்முறையில் இன்னொரு முறை செய்ய வேண்டும். மறுபடியும் அதே அளவு வந்தால் புதுக் கட்டடம் சின்னவளுக்கு. வராவிட்டால் பெரியவளுக்கு.

அன்றைக்கு பஸ்ஸில் சின்னவள் ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தாள். பெரியவளுக்கு அதுவும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை சின்னவள் இரண்டாம் முறை செய்தாள். கூழைக் குடுவையில் அடைத்து, பன்னிரண்டு மணிக்கு ஓவனில் வைத்தாள். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். இரண்டரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவள் மகள் படியில் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டாளாம்.

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "அக்கா, தையல் போடணுமாம். நான் போறேன். நாலு மணிக்கு ஓவனை மட்டும் அணைச்சிடுறீங்களா?"

"போ போ. நான் பார்த்துக்கிறேன். குழந்தைய பாரு" என்றாள் பெரியவள். உண்மையாகவே பதறித்தான் சொன்னாள். அந்தக் குழந்தை ராத்திரி தன் அம்மாவைவிட இவள் மடியில்தான் சீக்கிரம் தூங்கும்.

நாலு மணிக்கு அவள் ஓவன் முன்னால் போய் நின்றாள். உள்ளே அந்தச் சின்னக் குடுவை ஒற்றையாக உட்கார்ந்திருந்தது. கை அணைக்கும் பொத்தானுக்குத்தான் போனது. போன கை அங்கே நிற்கவில்லை. நூற்றி இருபதில் இருந்த சூட்டை நூற்றி எழுபதுக்குத் திருகியது. தானாக அணையும் கடிகாரத்தை நாற்பது மணி நேரத்துக்கு வைத்தது.

அந்தக் கணத்தில் அவள் மனசு எவ்வளவு வேகமாக வக்கீல் வேலை பார்த்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் என்ன விஷமா கலந்தேன்? கொட்டிவிட்டேனா? இன்னும் நன்றாக வேகட்டும் என்று விட்டேன். நாற்பது மணி நேரம் நல்ல சூட்டில் இருந்தால் கோணலாக உட்கார்ந்த அடுக்கெல்லாம் மெதுவாக நகர்ந்து நேராகிவிடும். படிகம் சுத்தமாகும். அழுக்கைத் துடைத்தது ஒரு குற்றமா? இப்படி ஒரு கெடுதலை உலகத்தில் இன்னொருத்தி செய்திருக்க மாட்டாள். ஒருத்தியின் பொடியை முன்னைவிட நல்ல பொடியாக்கி நாசம் செய்தாள்.

ஓவனுக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. யார் என்ன வைத்தார்கள், எத்தனை டிகிரி, எப்போது அணைத்தார்கள் என்று எழுத வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே பெரியவள்தான். எழுதாதவர்களோடு ஒரு வாரம் பேச மாட்டாள். அதில் தன் மணி மணியான கையெழுத்தில், "நான்கு மணி. அணைக்கப்பட்டது" என்று எழுதினாள். பேனாவை மூடி அதன் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் சின்னவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தையல். பெரியவள் பால் காய்ச்சிக் கொடுத்தாள். ஏழு மணிக்குக் குழந்தை கையை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள்.

"அணைச்சிட்டீங்களாக்கா?"

"ம்."

"நீங்க இருக்கவேதான் நான் இப்படி அரக்கப் பரக்க ஓடி வர முடியுது" என்றாள் சின்னவள். பெரியவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை தூங்கி வெகுநேரம் ஆன பிறகும் தட்டினாள்.

திங்கட்கிழமை குடுவை ஆறிக் கிடந்தது. சின்னவள் பொடியை வடித்து, கழுவி, உலர்த்தி எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். மின் அளவுக்கும் வைத்தாள். சார்ஜ் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி அது முடிய நான்கு நாளாகும். அந்த நான்கு நாளும் பெரியவள் வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். சின்னவளின் மேஜையைக்கூட ஒருமுறை துடைத்துவிட்டாள். சின்னவள் எக்ஸ்ரே தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பைக்குள் வைத்ததைப் பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அன்று சின்னவள் சிரிக்கவில்லை. சரி, இப்போதாவது முகம் சுண்டியதே என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார்.

"இருநூத்தி எட்டு" என்றார். உட்காரச் சொல்லவில்லை. "எக்ஸ்ரேயப் பாருங்க. ஒவ்வொரு பீக்கும் ஊசி. பிழையே இல்ல. இது நம்ம சுவத்துல இருக்கிற தாளுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு."

பெரியவள் தரையைப் பார்த்தாள். புதுக் கட்டடத்தின் கதவு கிழக்குப் பக்கம் வைத்திருந்தார்கள்.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியல" என்றார் இயக்குநர். "அடுக்கெல்லாம் இப்படி நகர்ந்து உக்கார நேரம் வேணும், சூடு வேணும். நூத்தி இருபதுல நாலு மணி நேரத்துல இது நடக்கவே நடக்காது. ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நாலு மணிக்கு அணைச்சதா இருக்கு. அது இவங்க கையெழுத்து, அதனால அதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல." அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "ரெண்டு பொடியும் ஒரே செய்முறையில வந்திருக்க முடியாது. அப்ப முதல் தடவை நீ கொண்டுவந்த பொடி எது? நிஜமாவே இந்தச் செய்முறையில செஞ்சதுதானா? இல்ல எங்கயாவது வாங்கினதா? நம்பர் வேணும்ங்கிறதுக்காக இப்படிச் செஞ்ச ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். செஞ்சவங்க யாரும் இப்ப இங்க இல்ல."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். சின்னவளைத் திருடி என்று வெளியே அனுப்ப அவள் நினைக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

சின்னவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு என் மேலதான் சார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க வந்தேன். ஏழு மணி இருக்கும். அக்கா அணைச்சுட்டுப் போயிருந்தாங்க. எனக்குத்தான் இன்னும் கொஞ்சம் வெந்தா நல்லாருக்குமோன்னு தோணிச்சு. திரும்பப் போட்டேன். டயலையும் சரியா பார்க்கல, ரிஜிஸ்டர்லயும் எழுதல."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். பொய்யைவிடக் கவனக்குறைவு அவருக்குச் சுலபமாக ஜீரணமானது. "இதத்தான் நான் உங்கிட்ட ஆரம்பத்துல இருந்து சொல்றேன். கை இருக்கு, கவனம் இல்ல. மூட்டைக் கணக்குல செய்யிற இடத்துல இப்படி இருக்க முடியாது. கட்டடத்தை இவங்க பார்த்துக்கட்டும். உன் செய்முறையைப் பின்னால நிதானமாப் பார்ப்போம்."

அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. பதினோரு வருஷம் காத்திருந்தது இரண்டு நிமிஷத்தில் கைக்கு வந்துவிட்டது. பெரியவள் முதலில் மூச்சை விட்டாள். அப்புறம்தான் அவளுக்கு மெல்ல உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு இவள் எங்கே இருந்தாள்? கூடத்தில், குழந்தையோடு. ஏழு மணிக்குக் குழந்தையை இவளிடமிருந்து வாங்கியதே நான்தானே. அப்படியானால் இவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே தாளைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கிறது. அடுக்குகள் எத்தனை மணி நேரம், எத்தனை சூட்டில் இருந்தன என்று அந்தத் தாளே சாட்சி சொல்லியிருக்கிறது. அது தெரிந்தும் நாலு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்தாள். இப்போது என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்குக் கட்டடத்தைத் தானம் செய்கிறாளாம்.

பெரியவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. அடுக்குப் பிழையில் ஜெயித்தாள். மாமனாரிடம் ஜெயித்தாள். இப்போது நல்ல மனசிலும் இவளே ஜெயிக்க வேண்டுமா? நாளைக்கு அந்தக் கட்டடத்துக்குள் நான் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் இவள் போட்ட பிச்சை. அங்கே என் மேஜை, என் நாற்காலி எல்லாம் இவள் விட்டுக்கொடுத்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தாளே, அந்த மாதிரி. வெறும் மனசாட்சியாக இருந்தால் பெரியவள் அதைச் சமாளித்திருப்பாள். ஒரு வாரமாகச் சமாளித்தவள்தானே. இதைச் சமாளிக்க முடியவில்லை.

"பொய் சொல்றா சார்" என்றாள்.

இயக்குநர் நிமிர்ந்தார். சின்னவள், "அக்கா" என்று கையைப் பிடித்தாள். பெரியவள் கையை உதறினாள்.

"இவ திரும்பி வரவே இல்ல. ஏழு மணிக்கு வீட்லதான் இருந்தா. நான்தான் செஞ்சேன். நூத்தி எழுபது டிகிரி, நாப்பது மணி நேரம். அணைச்சேன்னு ரிஜிஸ்டர்ல எழுதினது பொய்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏன்?"

"பொறாமைதான் சார். வேற என்ன."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. இயக்குநர் எக்ஸ்ரே தாளை மடித்து ஓரமாக வைத்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"இந்தக் கூடத்துல எல்லார் எழுதினதையும் நான் ஒரு தடவை சரிபார்ப்பேன்" என்றார் கடைசியில். "உங்க கையெழுத்தா இருந்தா மட்டும் பார்க்க மாட்டேன். அப்படியே பக்கத்தைத் திருப்பிடுவேன்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. சின்னவள் இன்னொரு முறை செய்ய வேண்டும், தானே பக்கத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். அளவு வந்துவிட்டால் கட்டடம் சின்னவளுடையது. பெரியவள் வேலையில் இருக்கலாம், யார் கீழே என்பதைப் பிறகு சொல்வார். ஓவன் பதிவேட்டை எக்ஸ்ரேக்காரர் மேஜைக்கு மாற்றச் சொன்னார். பெரியவளே அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். பதினோரு வருஷப் பக்கங்கள், கனமாகத்தான் இருந்தது.

மாலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. சின்னவள் விறுவிறுவென்று முன்னால் போய் ஜன்னலோரத்தில் தானே உட்கார்ந்தாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நிறுத்தம் கடந்தது.

"ஏன் சொன்னீங்க?" என்றாள் சின்னவள், வெளியே பார்த்துக்கொண்டே. "நான்தான் சமாளிச்சிட்டேன்ல."

"நீ சமாளிச்சிட்டேன்னுதான் சொன்னேன்."

சின்னவள் சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தைப் பெரியவள் மூன்று வருஷத்தில் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அதத்தான் கேக்குறேன். அதக்கூட எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டீங்களா? ஒரே ஒரு தடவை நான் பெரிய மனுஷியா இருந்துட்டுப் போறேனே. ஒரே ஒரு தடவை நீங்க என் முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கட்டுமே. அதுக்குத்தான் அந்தப் பொய்யையே சொன்னேன். நல்ல மனசுன்னு நெனச்சீங்களாக்கும். நாலு நாளா ராத்திரியெல்லாம் உக்காந்து யோசிச்சுத் தயார் பண்ண பொய். அதையும் எழுந்து நின்னு உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டீங்க. அங்கயும் நீங்கதான் யோக்கியம்."

பெரியவளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "உனக்கென்ன குறை?" என்றாள். "அங்க உன் பொடி. வீட்ல மாமா உன்னைத்தான் தேடுறார்."

"மாமா என்கிட்ட ஜோக் சொல்வார். மாத்திரை எதுன்னு பார்த்து ஒரு தடவை நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கி வச்சுக்கிட்டு 'பெரியவ வரட்டும்'னுட்டார். உங்க கொழுந்தனார் தினமும், 'அண்ணிகிட்ட கேட்டுச் செய்யேன்.' நான் பெத்த குழந்தை, தூக்கம் வந்தா உங்ககிட்ட ஓடுது. அங்க போனா அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிற தாள். அதப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உங்களை மாதிரி ஊசி பீக் எடுக்கணும்னு எத்தனை தடவை செஞ்சு பார்த்தேன் தெரியுமா? சொட்டுச் சொட்டா விட்டேன், எண்ணி எண்ணி விட்டேன். கை நடுங்கும், கொட்டிடும். ஒரு தடவைகூட வரல. கடைசியா, போய்த் தொலையுதுன்னு, வராம போனதையே எடுத்து மீட்டர்ல வச்சேன். அதுதான் அந்த இருநூத்தி அறுபத்தஞ்சு."

பஸ் அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் நின்றது. நடத்துநர் இரண்டு முறை விசிலடித்தார். இருவரும் எழவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அளவு வந்துவிட்டால் பெரியவள் இந்தச் சின்னவளுக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். பொய் எழுதியவள் என்று கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதெல்லாம் இருக்கட்டும் என்று ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு அவள் சின்னவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"என்ன எத்தனை?"

"என்னை மாதிரி செஞ்சு பார்த்தேன்னியே. எத்தனை தடவை?"

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள்.

"பதினேழு."

"பதினேழா?"

"ஆமா."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கித் திரும்பி நடந்தார்கள். பாதி வழியில் பெரியவள், மேலே பார்க்காமல், மிகச் சாதாரணமாகக் கேட்பதுபோல், "எல்லாத்துலயும் கொட்டிடுச்சா?" என்று கேட்டாள்.